பன்னிரண்டு புள்ளி எட்டு

"இடது கை வேண்டாங்க. அந்த நரம்பு நழுவும்."

ஊசியோடு நீண்ட கை அப்படியே நின்றது. வெயிலுகந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது கைகளில் ரத்தம் எடுக்கிறாள்... ஒரு கைகூட இதுவரை அவளுக்குப் பாடம் நடத்தியதில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவன் மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். அவன் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவளுடைய ரிஜிஸ்டரில் விழுந்து மையைக் கரைத்துக்கொண்டிருந்தது. நாலு நாள் காய்ச்சலில் சிவந்து கிடந்த கண்கள்தான்... ஆனாலும் அதற்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

"இங்கன டெக்னீஷியன் நானா, நீங்களா?"

"நீங்கதான். ஆனா கை என்னோடதுல்லா."

"கையை மட்டும் குடுங்க. வாயைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்க."

வீம்புக்கு இடது கையிலேயே குத்தினாள். நரம்பு நழுவியது. இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள்... கிடைக்கவில்லை. அவன் கையில் கட்டியிருந்த ரப்பரைத் தானே அவிழ்த்து, சட்டையைச் சுருட்டி, வலது கையை நீட்டினான். பாவி, சிரித்துத் தொலைத்திருந்தால்கூட இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம். அவளுக்குக் காதுவரை சூடேறியது.

2003-ஆம் வருடத்து ஐப்பசி அது. வருடம் பூராவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற கோவில்பட்டி, அந்த மாதம் மட்டும் நனைந்து கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த தவசி லேப்பின் வாசல் முழுக்கக் கரிசல் சேறு. வருகிறவர்கள் எல்லோருக்கும் காய்ச்சல்.

"பேரு?"

"கிருஷ்ணன்." சொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்கினான்.

"ஊரு?"

"எப்போதும்வென்றான். நாலு நாளு கொதிச்சுது, இன்னைக்குக் காலையிலதான் விட்டுச்சு. எங்க ஊருல வீட்டுக்கு ஒருத்தர் படுத்துருக்காக. குழாயில பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது. தொட்டி, டிரம்முன்னு புடிச்சு வைக்கோம்... கொசுவுக்கு நாங்களே வீடு கட்டிக் குடுத்துருக்கோம்."

"பக்கத்துல எட்டயபுரத்துல லேப் இல்லையா? இம்புட்டுத் தூரம் மழையில வாரீங்க."

"இருக்கு... ஆனா அங்கன இப்படித் திட்ட ஆளு இல்லியே."

இவன் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவள் மனசு ஒரு தரம் துள்ளியது. தொண்டை கட்டிய குரல். பிடிபடவில்லை. நமக்கு எத்தனையோ பேரைத் தெரியும், போகட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் தயாரானது. தட்டணு, அதாவது பிளேட்லெட், தொண்ணூறாயிரம். குறைவுதான். ஆனால் ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் மட்டும் வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாராம். ஹீமோகுளோபின் பதினேழு புள்ளி ஒன்று. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐம்பத்தொன்று. ஆண்களுக்கு இவ்வளவு வரை இருக்கலாம் என்று அதே தாளில் அச்சடித்திருக்கிறது. கஞ்சியும் கம்பும் தின்று காட்டில் பாடுபடுகிற உடம்பு, ரத்தத்துக்கு என்ன குறைச்சல் என்று நினைத்தபடி தாளை நீட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"பதினேழா... அடேயப்பா. நீங்க சொன்ன முருங்கைக்கீரை வேலை செஞ்சுருச்சுங்க. வாரேன்."

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

அவள் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களைக் கழுவத் தொடங்கினாள். இரண்டு கழுவினாள். மூன்றாவதில் கை நின்றது.

நீங்க சொன்ன முருங்கைக்கீரை...

நான் எப்போது சொன்னேன்? இன்றைக்குச் சொல்லவில்லை. முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லி அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாள். அதுவும் நேரில் இல்லை, போனில்.

தவசி அண்ணாச்சியின் லேப்பில் ஒரு டோனர் நோட்டு உண்டு. அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயர், ரத்தப் பிரிவு, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் அவள்தான் போன் போட்டு ஆளை வரச் சொல்வாள். அதில் இருபத்து மூன்றாம் எண், மாயகிருஷ்ணன். ஓ நெகட்டிவ். போன், அவன் ஊரில் சோலைமுத்து கடை. இரண்டு வருடத்தில் ஐந்து தரம் கூப்பிட்டிருக்கிறாள். ஐந்து தரமும் மிளகாய்த் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வந்து, நேரே ரத்த வங்கிக்குப் போய்க் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்த லேப்புக்கு வந்ததே இல்லை. முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருக்க வேண்டும். அவனுக்கு எப்போதும் எல்லையில்தான் நிற்கும். ரத்த வங்கியில் வேலை பார்க்கிற விஜி எண்ணைச் சொல்வாள், இவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். மறுநாள் அவன் அந்தக் கடையிலிருந்து கூப்பிடுவான். "என்னங்க, இந்தத் தடவையும் பாஸா?" "தொட்டுக்கிட்டுப் பாஸ். முருங்கைக்கீரை சாப்பிடுங்க." அவ்வளவுதான் பேச்சு. அந்த அவ்வளவுக்காக அவள் மறுநாள் காலையிலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது அவளுக்கும் அந்தக் கறுப்புப் போனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

நாலு மாதத்துக்கு முன்னால் அவன் கேட்டான். "எம் பேரு, ஊரு, ரத்தம் எல்லாம் உங்ககிட்ட இருக்கு. உங்க பேருகூட எங்கிட்ட இல்லியே. பேரு என்னங்க?"

படக்கென்று போனை வைத்துவிட்டாள். திமிர் என்று அவன் நினைத்திருப்பான். திமிர் எங்கே... வெட்கம். குலதெய்வத்தின் பெயரைத் தூக்கி அப்படியே வைத்துவிட்டார் அப்பா. வெயிலுகந்தம்மாள். திருநெல்வேலியில் லேப் படிப்புப் படித்தபோது பெயர் கூப்பிடும் நேரமெல்லாம் வகுப்பே சிரிக்கும். இவனும் சிரித்துவிட்டால்? அந்தக் குரலில் அந்தச் சிரிப்பைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. இனிமேல் கூப்பிடவே கூடாது என்று இருபத்து மூன்றாம் எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

ஈரக் கையோடு ஓடிப்போய் நோட்டைப் புரட்டினாள். கோட்டுக்கு அடியில் அவளுடைய கையெழுத்து தெளிவாகவே தெரிந்தது. எப்போதும்வென்றான். கீழே விஜி சொல்லி எழுதிய குறிப்பு, இடது கை நரம்பு நழுவும். அதற்கும் கீழே ஐந்து எண்கள். 12.8. 12.6. 12.9. 12.7. 12.8.

அவனேதான்.

சந்தோஷப்பட ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. அந்த எண்களைப் பார்த்தபடியே அன்றைய ரிஜிஸ்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். பன்னிரண்டு புள்ளி எட்டு... இன்றைக்குப் பதினேழு புள்ளி ஒன்றா? எந்த முருங்கைக்கீரை ஏற்றும் இப்படி?

இரண்டு மாதத்துக்கு முன் லேப்காரர்களுக்கென்று திருநெல்வேலியில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் ஒரு டாக்டரம்மா சொன்னது வரிக்கு வரி நினைவுக்கு வந்தது. டெங்குவில் ரத்தக் குழாய் கசியும். ரத்தத்தில் இருக்கிற தண்ணீர் வெளியே போய்விடும். தண்ணி சுண்டின குழம்பு மாதிரி ரத்தம் கெட்டியாகும். எண் ஏறும். ரத்தம் ஊறிவிட்டதென்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். காய்ச்சலும் அன்றைக்குத்தான் விடும், ஆளும் எழுந்து நடப்பார்... அன்றைக்குத்தான் விழுவார். தட்டணுவை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இந்த ஆளுக்கு வழக்கமாக எவ்வளவு இருக்கும், இன்றைக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது, அதைப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு ஏறினாலே ஆபத்து.

இவனுக்கு மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. அந்தத் தாளை எந்த டாக்டரிடம் காட்டினாலும் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார். பதினேழு அவனுடைய எண் இல்லை என்று தெரிந்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். அவளே சிரித்துக்கொண்டு தாளை நீட்டி அனுப்பி வைத்துவிட்டாள்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏ பிள்ள, மழையில எங்க ஓடுத?" தவசி அண்ணாச்சி கத்தினார்.

"ஒரு ஆளு செத்துருவாரு அண்ணாச்சி."

அவர் குடையை எடுப்பதற்குள் அவள் தெருவில் இறங்கியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் எட்டயபுரம் வழியாகப் போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வெள்ளைக் கோட்டில் சேறு தெறிக்க, செருப்பு ஒன்று எங்கேயோ போக, அவள் படியில் ஏறினாள். ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"மாயகிருஷ்ணன்... இறங்குங்க."

கண்ணைத் திறந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம். பிறகு மெதுவாக அந்தப் பழைய சிரிப்பு.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"இறங்குங்கன்னு சொல்லுதேன்."

"ஏம்மா, டிக்கெட் கிழிச்சாச்சு. சண்டையை எறங்கி வச்சுக்கோங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் பாதிப் பேர் எப்போதும்வென்றான்காரர்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

"நல்லாத்தானேங்க இருக்கேன். காய்ச்சல்கூட இல்ல" என்றான். "சரி... பேரைச் சொல்லுங்க, எறங்குதேன். விஜி அக்காகிட்டயே கேட்டுருக்கலாம். நீங்க சொல்லித்தான் கேக்கணும்னு இருந்தேன்."

எமன் வாசலில் நிற்கிறான், இவனுக்குப் பெயர் வேண்டுமாம். அவள் அவன் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. நாடி நூலாக ஓடியது. அவளுடைய மானம், வெட்கம், வகுப்பறைச் சிரிப்பு எல்லாம் அந்த நொடியில் எங்கேயோ போயின.

"வெயிலுகந்தம்மாள்" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "எம் பேரு வெயிலுகந்தம்மாள். போதுமா? எந்திரிங்க."

யாரோ பின்சீட்டில் களுக்கென்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்போல எழுந்தான். எழுந்தவன் அப்படியே கண் செருகி, அவள் தோள் மேல் சரிந்தான்.

சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

கண்டக்டர்தான் அவன் காலைப் பிடித்துத் தூக்கினார். ஆட்டோவில் போட்டு, பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கற்பகம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "பதினேழு நார்மல்தானேம்மா. பட்டினி கிடந்த மயக்கமா இருக்கும்."

அவள் நோட்டை விரித்துக் காட்டினாள். "அவியளுக்கு எப்பவும் இம்புட்டுத்தான் இருக்கும்." கோடு போட்ட வரியின் கீழ் விரலை ஓட்டினாள்.

டாக்டர் ஐந்து எண்களையும் படித்தார். ரிப்போர்ட்டைப் படித்தார். மறுபடி நோட்டைப் படித்தார். அவர் முகத்தில் நிறம் மாறியது. "கடவுளே..." என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு நின்று பேச அவருக்கு நேரமில்லை. ரத்த அழுத்தம் எண்பதில் இருந்தது. இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார்கள். இடது கையில் நரம்பு நழுவும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு மணிக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டுச் சிவப்பணுக்களின் பங்கைப் பார்த்தாள். ஐம்பத்தொன்று. மூன்று மணிக்கும் ஐம்பத்தொன்று. அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாலரைக்கு நாற்பத்தெட்டு. ஆறு மணிக்கு நாற்பத்து நாலு. அவன் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

"எதுக்குக் கிருஷ்ணன்னு சொன்னீங்க?" அவள் டம்ளரை நீட்டினாள். "முழுப் பேரைச் சொல்லிருந்தா நான் அப்பவே நோட்டைப் பாத்துருப்பேனே. பேரைச் சுருக்கி... உயிரையே விட்டுருப்பீங்களே."

"முழுப் பேரைச் சொன்னா... திரும்பிப் போன்னு சொல்லிருவீங்கன்னு நினைச்சேன்." மூச்சு வாங்கியது. "நாலு மாசமாக் கடை வாசல்லயே உக்காந்துருக்கேன், போன் வரும்னு. வரல. காய்ச்சல் வந்துச்சு... சரி, இதைச் சாக்கா வச்சாவது ஒருக்காப் பாத்துருவோம்னு வந்தேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்ட வாயெடுத்தவள், திட்டாமல் அவன் போர்வையை இழுத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை எண் முப்பத்தொன்பதுக்கு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு வராந்தாவில் வந்தவளை ஒரு அம்மா வழிமறித்தாள். கையில் வயர் கூடை, அழுது வீங்கிய கண்கள். அவனுடைய அம்மா பெருமாயி.

"பஸ்ஸுல வச்சு எம் மவன் கையப் பிடிச்சு இழுத்த பிள்ள நீதானா?"

வெயிலுகந்தம்மாள் தலையாட்டினாள்.

"ஊரு பூரா அதுதான் பேச்சு. பொம்பளப் பிள்ள, அத்தனை பேரு பாக்க, வாலிபப் பய கையைப் பிடிச்சு..."

"அவிய உயிரு போயிரும்னு பிடிச்சேன்மா." முகம் கன்றிப்போனது அவளுக்கு. "வேற ஒண்ணும் இல்ல. இனிமே நான் வரல. ரத்தம் எடுக்க வேற ஆளு வருவாங்க."

"ஏட்டி, நில்லு... நான் சொல்லுதத..." என்று பின்னால் கேட்டது. அவள் நிற்கவில்லை. தெருமுனை வரும்வரை கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று டாக்டர் கற்பகம் சொல்லித் தெரிந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினாள்... எடுத்தால் வேறு யாரோ. நாமே ஒரு தரம் கூப்பிட்டால் என்ன என்று ரிசீவரைத் தொடுவாள். ஊரு பூரா பேச்சு என்று அந்த அம்மா சொன்னது காதில் விழும். கையை எடுத்துவிடுவாள். பதினைந்து நாள் இப்படியே போனது.

பதினாறாம் நாள் மழை வெறித்து, பளீரென்று வெயில் அடித்தது. ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பேரு?" என்றாள்.

"மாயகிருஷ்ணன். இனிமே சுருக்க மாட்டேன்."

பேனா உருண்டு கீழே விழுந்தது.

இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். வலது கைச் சட்டை ஏற்கெனவே சுருட்டித் தயாராக இருந்தது. "ஹீமோகுளோபின் பாக்கணும்" என்றான். அவள் ரத்தம் எடுத்தாள். குழாயோடு மெஷினுக்குப் போனாள். எண் வந்தது. பார்த்தவள் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அவன் பதறி எழுந்துவிட்டான். "என்னங்க... மறுபடியும் ஏறிருச்சா?"

"இல்ல." விரலிடுக்கில் விக்கியபடி சொன்னாள். "பன்னெண்டு புள்ளி எட்டு."

அவன் பெரிதாக மூச்சு விட்டான்.

"அம்மா வெளியில ஆட்டோவுல இருக்கா" என்றான் பிறகு. "அன்னைக்கு நீங்க பாதியிலயே போயிட்டீங்களாம். மீதியைச் சொல்லணுமாம்."

"என்ன மீதி?"

"ஊரு பூரா பேசுது... வாலிபப் பய கையைப் பிடிச்சு எம் மவனை எமன்கிட்ட இருந்து இழுத்துட்டு வந்துட்டியே தாயி, பிடிச்ச கையை விட்டுறாதன்னு கேக்க வந்தாளாம். அதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்க."

அவள் கையை முகத்திலிருந்து எடுத்தாள்.

"நான்தான் சொன்னேன், அவிய மனசு தெரியாம நீ ஒண்ணும் பேசாதன்னு. அந்த மனசைக் கேக்கத்தான் முன்னால வந்தேன்." அவன் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டான். "நீங்க போனை வச்ச அன்னைலருந்து எனக்கு உங்க நெனப்புதான். முகம் பாக்காமயே. உங்களுக்கு..."

அவள் டோனர் நோட்டை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். கோடு போட்ட வரி. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதினாள். 23. மாயகிருஷ்ணன். 12.8.

"இந்த எண்ணு ஆறும் தேதியோட எனக்கு மனப்பாடம்" என்றாள், நோட்டைப் பார்த்துக்கொண்டே. "கோடு போட்ட அன்னைக்கு வீட்டுல யாருக்கும் தெரியாம அழுதேன். பேரைச் சொன்னா நீங்களும் சிரிப்பீங்கன்னு பயந்தேன்... அம்புட்டுத்தான். எனக்கு உங்களைப் புடிக்கும். இதுக்கு மேல ஒரு புள்ளிகூட ஏற வேண்டாம் உங்களுக்கு. இப்படியே எல்லையில நில்லுங்க. ஆயுசு பூரா நான் முருங்கைக்கீரை வச்சுத் தாரேன்."

அவன் சிரித்தான். கண்ணும் கலங்கியிருந்தது.

"வெயிலுகந்தம்மாள்" என்றான், ஒரு எழுத்தையும் விடாமல், மெதுவாக.

பிறந்ததிலிருந்து அந்தப் பெயருக்குக் குனிந்தே பழகிய தலை, முதல் தடவையாக நிமிர்ந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.